கைக்கே வந்த பந்துகள்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கரன் தானாகவே ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஜெயமணியால் அதை நம்பவே முடியவில்லை.

பரண்மேலிருந்து பூப்பந்து மட்டையை அவள் இறக்கிய நாள் முதலாக அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூட வேறு மாதிரிதான் இருந்தது. வலது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தாறு. மருமகள் பூங்கொடிக்கு ஏழாம் மாசம். இந்த நேரத்தில் விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மகன் கௌதம் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான். பாஸ்கரன் அப்படிக் கேட்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார். அவர் பேசாமல் இருந்தால் 'கூடாது' என்று அர்த்தம். அது தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாள்?

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை சாயங்காலம் திடீரென்று மனசு மாறினார். "போயி ஆடு, ஜெயா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

என்ன காரணம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப்போய் அவர் பின்வாங்கிவிட்டால் என்ன செய்வது? கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொள்கிறவள் மாதிரி அந்த ஒரு வார்த்தையைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ஆசைக்கு ஆடப் போகிறவள் இல்லை அவள். ஆபரேஷன் செய்த பெங்களூரு டாக்டரிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருந்தாள். இரட்டையர் ஆட்டம் மட்டும் ஆடலாம், தரை சமமாக இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது, காலை வீசி எட்டிப் பாயக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஓசூரில் பிசியோதெரபி பார்க்கிற ராஜசேகர், அந்த வரம்புக்குள் ஆட அவளைப் பல மாசம் பழக்கியிருந்தார். அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாவட்ட அணித் தேர்வு. அதில் நிற்கலாமா வேண்டாமா என்பதை இன்றைக்கு நடக்கிற தொழிலாளர் குடும்ப விழா ஆட்டம் சொல்லிவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

ஜூஜுவாடி வீட்டிலிருந்து நெடுஞ்சாலை ஏறியதும் வழக்கமான லாரி வரிசை. பாஸ்கரன் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி, பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைத்து, முட்டைக் கூடையைக் கொண்டுபோகிறவர் போல ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயமணிக்கு மனசு குளிர்ந்தது.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஓசூரில் கம்பெனி மகளிர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவளைப் பார்த்துத்தான் அவர் ஆசைப்பட்டார். அவள் சாமல்பட்டிப் பெண். ஊத்தங்கரைப் பள்ளிக்கூடத்தில் மட்டை பிடித்து, அந்த மட்டையாலேயே கம்பெனியில் வேலை வாங்கியவள். அவர் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மெயின்டெனன்ஸ் பிரிவில் வேலைக்கு வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவளுடைய ஒரு ஆட்டத்தை அவர் தவறவிட்டதில்லை. நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் எந்தப் பந்தை எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வருவார். அந்த மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அவளுக்கு ஜோடி நிர்மலா, பழைய கம்பெனி அணியில் கூட ஆடியவள். எதிர்ப்பக்கம் சுஜாதாவும் சாந்தம்மாவும். சுஜாதாவுக்கு நாற்பது தாண்டி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வலைக்கு அருகில் பந்தைச் செத்து விழவைப்பதில் இந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று நிர்மலாவே பல தடவை சொல்லியிருக்கிறாள். சாந்தம்மா பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியில் எல்லாம் கலந்த பேச்சு, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

முதல் பந்தை அடிக்கிற வரைக்கும் ஜெயமணி மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கம்பளிப் பந்து மட்டை நரம்பில் பட்டுத் தெறித்ததும் பிடி நிலைத்தது.

பந்து அவளைத் தேடி வந்தது. மார்பு உயரத்துக்கு, மட்டைக்கு எட்டும் தூரத்துக்கு, யோசித்து அடிக்க அவகாசம் கொடுத்துக்கொண்டு வந்தது. அவள் காலை ஊன்றிக்கொண்டு மூலைக்கு மூலை திருப்பிவிட்டாள். பழைய வெட்டு அடி கையை விட்டுப் போகவில்லை. பந்து சுழன்றுகொண்டு போய் சாந்தம்மாவின் மட்டையில் பட்டு வெளியே ஓடியது. ஷாமியானாவில் கைதட்டினார்கள். கௌதம் செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலியில் பூங்கொடி. பாஸ்கரன் உட்காரவே இல்லை. பழைய நாள் மாதிரி கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

பாதி ஆட்டத்தில் ஒரு பந்து. ஜெயமணி நன்றாகப் பின்னால் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் வலைவரைக்கும் வெட்டவெளி. சுஜாதாவின் மணிக்கட்டு உள்ளே மடங்கியது. அப்படி மடங்கினால் பந்து வலையைத் தாண்டிச் சொத்தென்று விழும். ஆனால் கடைசி நொடியில் அந்த மணிக்கட்டு நிமிர்ந்தது. பந்து நீளமாக, நிதானமாக, ஜெயமணியின் கைக்கே வந்தது.

அதை அவள் பார்த்தாள். ஆடத் தெரிந்த யாரும் பார்த்திருப்பார்கள். பார்த்ததைச் சுஜாதாவின் பதற்றம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பந்தை ஓங்கி அடித்தாள். பாயிண்ட்.

ஜெயித்தார்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். சங்கச் செயலாளர் முனிசாமி மைக்கில், செயற்கை மூட்டோடு களத்துக்கு வந்து வென்ற சகோதரி என்று நீட்டி முழக்கினார். ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் பரிசு. போட்டோ எடுக்கும்போது பாஸ்கரனின் கண் கலங்கியிருந்ததை ஜெயமணி கவனித்தாள். வீட்டுக்குப் போனதும் அவருக்குப் பிடித்த மாதிரி கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வரப் பாஸ்கரன் போனார். பூங்கொடிக்கு வெயில் ஆகாது என்று கௌதம் அவளை அழைத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பினான்.

முகம் கழுவ ஜெயமணி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனபோது சுஜாதாவும் சாந்தம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். ஜெயித்த சந்தோஷம் ஆளைச் சும்மா இருக்கவிடாது. அவள் சுஜாதாவின் தோளில் கை வைத்தாள். நல்ல கை இருக்கிறது, ஆனால் எதிராளியின் பலவீனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தாள். என்னைப்போல் கால் சரியில்லாதவள் எதிரில் நின்றால் வலைக்கருகில் அல்லவா போட வேண்டும், நீ பாட்டுக்குக் கைக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி என்று அக்கறையாகத்தான் சொன்னாள். மணிக்கட்டை எப்படி மடக்குவது என்று பிடித்துக் காட்டவும் காட்டினாள்.

சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தம்மா அவளிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். சுஜாதா வேண்டாம் என்பதுபோல் அவள் கையைப் பிடித்தாள். சாந்தம்மா கையை உதறினாள்.

"எங்களுக்குப் போடத் தெரியாம இல்ல மேடம். உங்க வீட்டுக்காரரு வந்து அவ்ளோ கேட்டுக்கினாரு. அதனாலதான் போடல."

ஜெயமணிக்கு முதலில் புரியவில்லை. என்ன கேட்டார் என்றாள்.

மறைக்க வழியில்லாமல் சுஜாதா சொன்னாள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் பாஸ்கரன் அவர்களுடைய கம்பெனி கேட்டில் வந்து நின்றிருந்தார். வலது பக்கம் வலையோரமாகப் போடாதீர்கள், தலைக்கு மேலே தூக்காதீர்கள், இடது கைப்பக்கம் வேகமாகத் திருப்பாதீர்கள், மார்பு உயரத்துக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சின்னவர்களான தங்கள் எதிரில் அவ்வளவு பெரிய மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டதும் மறுக்க முடியவில்லை.

"தப்பா நெனைச்சுக்காதீங்க, அக்கா. உங்களுக்கு ஒண்ணியும் ஆகக் கூடாதுன்னுதான் அண்ணா சொன்னாரு" என்றாள் சுஜாதா.

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜெயமணி அதை மூடினாள்.

அவளைச் சுட்டது ஏமாற்றம்கூட அல்ல. அவர் சொல்லிக் கொடுத்த விவரம். அவளுடைய ஆட்டத்தில் எங்கே பலம், எங்கே ஓட்டை என்று அவரளவுக்கு அறிந்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. முப்பது வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்து, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிப் பேசிச் சேர்த்த அறிவு அது. அதைக் கொண்டுபோய் எதிராளியிடம் கொடுத்திருக்கிறார், அவளைத் தோற்கடிக்க அல்ல, ஜெயிக்கவைக்க. தோற்கடிக்கக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவள் நிர்மலாவைத் தேடிப் போனாள். நிர்மலா பையில் மட்டையைத் திணித்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டதும் அவள் கை நின்றது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லதுக்குத்தானே என்று மட்டும் சொன்னாள்.

ஜெயமணி குழாயடிக்குத் திரும்பினாள். சுஜாதாவை ஆடுகளத்துக்குக் கூப்பிட்டாள். சும்மா கொஞ்ச நேரம், நெஜமான பந்து போடு என்றாள். சுஜாதா பதறிப்போய் மாட்டேன் என்றாள்.

"அவரு கேட்டா ஒத்துக்குவ. ஆடுறவ கேட்டா மாட்டியா?"

சுஜாதா மட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஷாமியானாவைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். பார்க்க யாரும் இல்லை. நிர்மலாவும் சாந்தம்மாவும் ஓரமாக நின்றார்கள்.

முதல் பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது. ஜெயமணி இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் அது தரையில் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டில் இறங்கியது. திரும்பிப் பார்த்ததோடு சரி. சுஜாதா என்றால் இதுதான் சுஜாதா. அவளிடம் போய் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிய தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"போதும், அக்கா" என்றாள் சுஜாதா.

இன்னும் போடு என்றாள் ஜெயமணி.

அடுத்த பந்து வலது பக்கம், வலையோரம். அவள் யோசிக்கவில்லை. டாக்டர் சொன்னது, ராஜசேகர் பழக்கியது எல்லாம் அந்தக் கணத்தில் பறந்துபோனது. வலது காலை வீசிப் போட்டு முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, மட்டை நுனியில் பந்தை ஏந்தி வலைக்கு மேலே தள்ளினாள். சுஜாதா பாய்ந்தாள். எட்டவில்லை. பந்து அவள் காலடியில் விழுந்தது.

ஒரே ஒரு பாயிண்ட். யாரும் கைதட்டவில்லை. காலையிலிருந்து அவள் எடுத்த ஒரே பாயிண்ட் அதுதான்.

நிமிரும்போது முழங்காலுக்குள் ஏதோ சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பாஸ்கரன் பிரியாணிப் பைகளோடு கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. சத்தம் போடவில்லை. சுஜாதாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் மட்டையைக் கீழே இறக்கினாள்.

"வீட்டுக்குப் போலாம், ஜெயா" என்றார்.

திரும்பும்போதும் பள்ளம் வந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார். இப்போது அந்த ஒவ்வொரு குறைப்பும் அவளுக்கு எரிந்தது.

வீட்டுப் படியேறும்போதே செல்போன் அடித்தது. சாத்தூரிலிருந்து பாஸ்கரனின் தங்கை.

"மதினி, கௌதம் போட்ட வீடியோ பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு. ஜெயிச்சுட்டு ஒதுங்கிக்கிடுறதுதான் மருவாதி. இனிமே பேரப்பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு நிம்மதியா இருங்க."

எதிலிருந்து ஒதுங்குகிறேன் என்று ஜெயமணிக்கு விளங்கவில்லை. போனை வைத்ததும் அடுத்த அழைப்பு, ஊத்தங்கரையிலிருந்து அவளுடைய சித்தி மகள். அவளும் அதையேதான் சொன்னாள். நல்லபடியாக முடித்துக்கொண்டாய், இனி உடம்பைப் பார்த்துக்கொள் என்று.

ஜெயமணி வாட்ஸ்அப்பைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் கௌதம் வீடியோவைப் போட்டிருந்தான். அவள் வெட்டி அடிக்கிறாள், பந்து சுழன்று போகிறது. கீழே அவன் எழுதியிருந்தான்: 'அம்மா தன் கடைசி ஆட்டத்தை வெற்றியோடு முடித்தார்.' அதன் கீழே கும்பிடும் கைகளும் மாலைகளுமாக நிரம்பிக் கிடந்தது.

மாலைகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

கௌதம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இது யாருடைய யோசனை என்று கேட்டாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார். என்னுடையதுதான் என்று கௌதம் ஒப்புக்கொண்டான். வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய், கிருஷ்ணகிரிக்குப் போய் வெளியூர்க்காரர்களோடு ஆடிக் காலை உடைத்துக்கொள்வாய், அதைவிட இங்கே ஒரு தடவை ஜெயிக்கவைத்துவிட்டால் மனசு நிறைந்து மட்டையை நீயே பரணில் போட்டுவிடுவாய் என்று நினைத்தேன் என்றான். பூங்கொடி இருக்கிற நிலைமையில் வீட்டில் இரண்டு பேர் படுத்தால் யார் பார்ப்பது என்றும் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. கம்பெனியில் ஒரு பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடித்தவன் குரல் அது.

சமையலறை வாசலில் நின்றிருந்த பூங்கொடி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்கே போறேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன், அத்தை. என்னைக் காரணம் காட்டாதீங்கன்னும் இவர்கிட்ட சொன்னேன்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கௌதம் எழுந்து பின்னாலேயே போனான்.

ஹாலில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"சாகக் கிடக்கிறவளுக்கு ஆசைப்பட்டதை வாயில ஊட்டி அனுப்புற மாதிரி அனுப்பிட்டீங்க" என்றாள் ஜெயமணி.

பாஸ்கரன் அப்போதும் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த மாசங்களைச் சொன்னார். காலை மடக்கப் பழக்கும்போது அவள் போட்ட அலறல் இன்னும் காதில் கேட்கிறது என்றார். ஒருநாள் குளியலறையில் அவள் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல் அவர் பக்கத்து வீட்டு மணிவேலைக் கூப்பிட்டு வந்தது, மேலே போர்த்தத் துண்டு தேடி அலைந்தது, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் யாரிடமும் பேசாதது, எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ சொவரப் பாத்துக்கிட்டு கெடந்த. நான் மாடிக்குப் போயி அழுதேன். எனக்கு அறுவது ஆகப் போகுது, ஜெயா. இன்னொரு தடவ அதெல்லாம் செய்ய எனக்குத் தெம்பில்ல. உண்மையச் சொல்லணும்னா, மனசும் இல்ல."

மனசும் இல்லை என்ற அந்தக் கடைசி வார்த்தை கூடத்திலேயே நின்றது. சொன்னவருக்கே அது அதிகமாகிவிட்டதாகப் பட்டிருக்க வேண்டும். அவர் கீழே பார்த்தார்.

ஜெயமணிக்கு அழுகை வரவில்லை. அவர் பட்ட பாடு பொய்யில்லை. அவருடைய கைகளில்தான் அவள் அந்த மாசங்களைக் கடந்தாள். பெற்ற தாயிடம்கூடக் கேட்கக் கூசும் காரியங்களை அந்தக் கைகள் செய்தன. அதே கைகள்தான் கம்பெனி கேட்டில் போய்க் கும்பிட்டன. இந்த இரண்டில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். "சண்டை போட்டிருக்கணும். மட்டையை உடைச்சுக்கூடப் போட்டிருக்கலாம். ஊருல போயி எனக்காகப் பிச்சை கேட்டிருக்கக் கூடாது."

மேசைமேல் பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்காமல் ஆறிக்கொண்டிருந்தன.

அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். டிராக் பேண்ட்டை மேலே சுருட்டினாள். முழங்கால் வீங்கியிருந்தது. பளபளப்பான நீளத் தழும்பின் இரண்டு பக்கமும் தோல் விம்மி நின்றது. கையை வைத்தால் சுட்டது. மைதானத்தில் அந்த ஒற்றைப் பாயிண்டுக்காகக் காலை வீசிப் போட்ட நேரம் நினைவுக்கு வந்தது. காலையில் ஆடிய முழு ஆட்டத்தில் இதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பாஸ்கரன் கேட்டு வாங்கிக் கொடுத்த பந்துகள் அவள் காலைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தன. அவளாகக் கேட்டு வாங்கிய பந்துதான் இப்படிச் செய்தது.

அந்த நினைப்பு பாஸ்கரன் சொன்ன எல்லாவற்றையும்விடக் கசந்தது.

ராஜசேகருக்குப் போன் செய்ய வேண்டும் என்று புத்தி சொன்னது. செய்தால் அவர் முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வார். வீட்டுக்காரர் மகனைக் கூப்பிடுவார். நாங்கள் சொல்லவில்லையா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் தாங்க முடியாது. சமையலறைக்குப் போய் ஐஸ் எடுத்து வந்தால்கூடத் தெரிந்துவிடும். நனைத்த துண்டை முழங்காலில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது. பாஸ்கரன்தான்.

"கால் வலிக்குதா?" என்று வெளியிலிருந்தே கேட்டார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் அந்தப் பந்துக்குக் காலை வீசியதை அவர் பார்த்திருக்கிறார்.

"இல்ல" என்றாள் ஜெயமணி. "ஒண்ணியும் இல்ல."

பிறகு காலடிச் சத்தம் ஹாலுக்குத் திரும்பியது. டிவி போடும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து தன்னிடம் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று கொதித்தவள், சாயங்காலத்துக்குள் தானும் ஒன்றைச் சொல்லிவிட்டதை நினைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மறுபடி செல்போன் அடித்தது. இன்னொரு சொந்தக்காரர் வாழ்த்து என்று நினைத்து எடுக்காமல் இருக்கப் பார்த்தாள். திரையில் சுஜாதா என்று இருந்தது.

சுஜாதா முதலில் காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, வரும் ஞாயிறு கிருஷ்ணகிரித் தேர்வுக்குச் சாந்தம்மா வரவில்லை, வீட்டில் ஏதோ விசேஷமாம், தனக்கு ஜோடி வேண்டும் என்றாள்.

"கடைசியா ஒரு பந்து எடுத்தீங்களே, அக்கா. அதை நான் எதிர்பாக்கவே இல்ல. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதுவும் சுஜாதா வாயிலிருந்து. ஜெயமணியின் நெஞ்சு ஒரு கணம் துள்ளத்தான் செய்தது. அடுத்த கணமே அது பயந்து ஒடுங்கியது. வெள்ளிக்கிழமை கேட்டில் வந்து நின்றவர், இன்றைக்கு மனசு கேட்காமல் போனில் பேசியிருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? நோகவைத்துவிட்டோமே, இன்னொரு தடவை சமாதானப்படுத்திவிடலாம் என்று கௌதம் கணக்குப் போட்டிருக்க மாட்டான் என்று யார் சொல்ல முடியும்? இனிமேல் யார் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்குமோ?

ஹாலில் டிவி சத்தம் திடீரென்று குறைந்தது.

ஜெயமணி ஈரத் துண்டை முழங்காலிலிருந்து எடுத்தாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

"இப்படிக் கேக்கச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னாங்க, சுஜாதா?"